பெயர் இல்லாத பழைய சவரக்கத்தி: எப்படி அடையாளம் காண்பது, எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி இதுதான்: பழம்பொருள் ஏலத்தில் மடக்குச் சவரக்கத்திகள் சில வந்திருக்கின்றன, எதிலும் தயாரிப்பாளர் பெயர் இல்லை. யார் செய்தது, எந்தக் காலத்தது, வாங்கலாமா?

யார் செய்தது என்பது பெரும்பாலும் தெரியாமலே போகும். எந்தக் காலத்தது என்பதை இருபது முப்பது வருட வரம்புக்குள் சொல்லிவிடலாம். எந்த நாட்டு வேலை என்பதையும் பல நேரம் ஓரளவு ஊகிக்கலாம். வாங்கலாமா என்பதை முடிவு செய்ய இது எதுவுமே தேவையில்லை, எஃகு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்தால் போதும். இந்த மூன்றையும் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் பணத்தை இழக்கிறார்கள். விற்பவர் "இது இன்னார் செய்ததாக இருக்கலாம்" என்று சொல்வார், வாங்குபவர் அந்த 'இருக்கலாம்' என்பதற்கும் சேர்த்து விலை கொடுப்பார்.

உறுப்புகளுக்கு என்ன பெயர் சொல்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெட்டும் பாகம் அலகு. அலகின் கூருக்கு எதிர்ப்பக்கத் தடித்த ஓரம் முதுகு. அலகு முடிந்து, பிடியோடு கோக்கும் ஆணி வரைக்கும் வரும் தண்டு கழுத்து. ஆணிக்கு அப்பால் வெளியே நீண்டு நிற்பது வால். பிடி என்பது இரண்டு தகடுகள். அவற்றின் கடைசியில் நடுவே செருகியிருப்பது ஆப்பு.

பெயர் ஏன் இல்லை என்பதே ஒரு தடயம். கத்தித் தொழிலுக்குப் பேர் போன இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 19ஆம் நூற்றாண்டில் ஒரு கத்தி பல கை மாறித்தான் முழுமையானது. அடிப்பவர் வேறு, சாணை பிடிப்பவர் வேறு, பிடி போடுபவர் வேறு. சாணைச் சக்கரத்தை வாடகைக்கு எடுத்துத் தனியாகத் தொழில் செய்தவர்கள் நிறையப் பேர். அவர்களை அங்கே 'லிட்டில் மெஸ்டர்' என்பார்கள். ஜெர்மனியின் சோலிங்கனிலும் வீட்டை ஒட்டிய பட்டறையில் கூலிக்கு வேலை செய்த சாணைக்காரர்கள் ஏராளம். ஓரிடத்தில் அடித்த அலகை இன்னோர் இடத்தில் சாணை பிடித்து, மூன்றாவது இடத்தில் ஒரு வணிகர் தன் பெயரில் விற்றதும் உண்டு. அந்தச் சங்கிலியில் கடைசி ஆள் முத்திரை போடாமல் விட்டால் கத்தி பெயரில்லாமல் போகும். ஆகவே பெயர் இல்லை என்பதால் மட்டமான கத்தி என்று ஒதுக்கிவிடாதீர்கள். பெரிய பெயர் போட்ட கத்தியை அடித்த அதே கைகள் இதையும் அடித்திருக்கலாம்.

இன்னொரு வகையில் பெயர் இருந்து அழிந்திருக்கும். துருவை எடுக்கிறேன் என்று யாரோ மெருகேற்றும் மின்சார பஃப் சக்கரத்தில் தேய்த்திருப்பார்கள், முத்திரையும் சேர்ந்து போயிருக்கும். அதனால் 'முத்திரை இல்லை' என்று முடிவு கட்டுவதற்கு முன் இருட்டறையில் ஒரு டார்ச்சைக் கழுத்தின் மேல் கிட்டத்தட்டப் படுத்த நிலையில் பிடித்துப் பாருங்கள். நேரான வெளிச்சத்தில் தெரியாத பள்ளங்கள் சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் காட்டும். மெல்லிய காகிதத்தை வைத்து மென்மையான பென்சிலால் தேய்த்தாலும் சில எழுத்துகள் எழும்பி வரும். கழுத்தின் இரண்டு பக்கமும் பாருங்கள், அலகின் முகத்தைப் பாருங்கள், முதுகின் மேலே பாருங்கள், பிடித் தகடுகளின் வெளிப்புறத்தையும் பாருங்கள். அலகின் மேல் பொன்முலாம் பூசிய எழுத்து இருந்து உதிர்ந்திருந்தால், அந்த இடத்தில் எஃகின் மினுக்கம் மட்டும் வேறுபட்டுத் தெரியும். முதுகில் ஒரு கிழமையின் பெயர் மட்டும் இருந்தால் அது ஏழு நாள் செட்டிலிருந்து பிரிந்து வந்த ஒற்றைக் கத்தி. நாளுக்கு ஒன்றாக ஏழு கத்திகள் ஒரே பெட்டியில் விற்பார்கள், அந்தப் பெட்டியிலும் கடை அல்லது பட்டறையின் பெயர் இருந்திருக்கும்.

தயாரிப்பாளர் பெயர் இல்லாமல் வேறு ஏதாவது பொறித்திருந்தால் அதையும் வீணாக்கக் கூடாது. 'காஸ்ட் ஸ்டீல்' என்பது யாருடைய பெயரும் இல்லை. 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் ஷெஃபீல்டு வட்டாரத்தில் உருவாக்கிய மூசை எஃகை, அதாவது மண் மூசையில் உருக்கி வார்த்த எஃகைக் குறிக்கும் விளம்பரச் சொல். 'வாரன்டட்', அதாவது உத்தரவாதம் உள்ளது, என்பதும் அப்படித்தான். கிரீடத்தோடு 'டபிள்யூ ஆர்' என்று இருந்தால் நான்காம் வில்லியம் அரசாண்ட 1830–1837, 'வி ஆர்' என்றால் விக்டோரியாவின் 1837–1901. அரண்மனைக்குச் செய்தது என்று இதற்கு அர்த்தம் இல்லை, அந்தக் காலத்தது என்பதற்கு நல்ல ஆதாரம், அவ்வளவே. கழுத்தில் உள்ள எண்ணை வருடம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அது பெரும்பாலும் மாதிரி எண். அலகில் வருடமே பொறித்திருந்தாலும் அது நிறுவனம் தொடங்கிய வருடமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

நாட்டின் பெயர் விஷயத்தில் ஒரு தவறான தர்க்கம் எங்கும் உலவுகிறது. அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டத்தின்படி, 1891 முதல் அங்கே இறக்குமதியாகும் பொருள்களில் உற்பத்தி நாட்டின் பெயர் இருக்க வேண்டும். அதனால் 'இங்கிலாந்து', 'ஜெர்மனி' என்று இருந்தால் பெரும்பாலும் அந்தக் காலத்துக்குப் பிந்தையது என்று சொல்லலாம். ஆனால் இதைத் திருப்பிப் போட்டு, 'நாட்டுப் பெயர் இல்லை, எனவே 1891க்கு முந்தையது' என்று விற்கிறார்கள். உள்நாட்டில் விற்ற கத்திக்கு அந்தச் சட்டம் பொருந்தவே இல்லையே. ஷெஃபீல்டில் செய்து இங்கிலாந்திலேயே விற்ற 1910ஆம் ஆண்டுக் கத்தியிலும் நாட்டுப் பெயர் இல்லாமல் இருக்கலாம்.

முத்திரை எதுவுமே இல்லையென்றால் வடிவம்தான் பேச வேண்டும். நிறையப் பேசவும் செய்யும்.

வாலிலிருந்து தொடங்குங்கள். 18ஆம் நூற்றாண்டுக் கத்திகளில் வாலே இருக்காது, அல்லது ஆணிக்கு அப்பால் ஒரு சின்ன மொட்டு மட்டும் இருக்கும். கத்தியைத் திறந்தால் விரல் வைக்க இடமில்லாமல் வெறும் பிடியைப் பிடித்துத்தான் சவரம் செய்ய வேண்டும். 1800ஐ ஒட்டி வால் நீளத் தொடங்குகிறது; 19ஆம் நூற்றாண்டின் முதல் சில பத்தாண்டுகளில் இன்றைக்கு நாம் பார்க்கும் வளைந்த, சுண்டுவிரல் வைக்கத் தோதான வால் வந்துவிடுகிறது. வால் இல்லாத கத்தி கையில் கிடைத்தால் அது உடைந்து போன வாலா என்று மட்டும் பாருங்கள். உடைந்த முனை சொரசொரப்பாகவோ, பிற்பாடு அரம் போட்டுத் தட்டையாக்கியதாகவோ இருக்கும். பிறவியிலேயே குட்டையான வால், கழுத்தின் கோட்டோடு சேர்ந்து உருண்டு முடியும்.

அடுத்து, கழுத்தும் அலகும் சேரும் இடம். ஆரம்பகாலக் கத்திகளில் கழுத்து அப்படியே அகன்று அலகாக மாறும், நடுவே தோள் போன்ற படி இருக்காது. பிந்தைய கத்திகளில் அந்த இடத்தில் தெளிவான தோள், அலகின் பக்கங்களில் உள்ள குழிவைத் தாங்கும் ஒன்று அல்லது இரண்டு மேடுகள், கழுத்தின் கீழ்ப்பக்கம் விரல் வழுக்காமல் இருக்க அரத்தால் போட்ட சிறு வெட்டுகள் எல்லாம் சேர்கின்றன. அலகின் வெளிக்கோடும் மாறுகிறது. பழையவற்றில் கழுத்துப் பக்கம் குறுகி முனைப் பக்கம் அகன்றிருக்கும், பிற்காலத்தில் இரண்டு பக்கமும் சமமான நீள்சதுரமாக ஆகிவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த தடயம் அலகின் குறுக்குவெட்டு. முனைப்பக்கத்திலிருந்து நேராகப் பாருங்கள். பழைய கத்தி ஆப்பு வடிவில் இருக்கும், முதுகிலிருந்து கூர்வரைக்கும் பக்கங்கள் கிட்டத்தட்ட நேர்க்கோடு. அலகு எவ்வளவு குழிகிறது என்பதை நிர்ணயிப்பது சாணைச் சக்கரத்தின் அளவு. பெரிய சக்கரத்தில் பிடித்தால் லேசான குழிவு, சின்னச் சக்கரத்தில் பிடித்தால் ஆழமான குழிவு. லேசாகக் குழிந்த அலகுகள் முன்பே இருந்தன. ஆனால் கூரை நகத்தின் மேல் மெல்ல அழுத்தினால் வளைந்து காட்டும் அளவுக்கு மெலிந்த முழுக்குழி அலகு 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான் பரவலாகிறது, அதில் சோலிங்கன் சாணைக்காரர்களின் பங்கு பெரியது. தோல்வாரில் தீட்டும்போது கணீரென்று ஒலிக்கும் கத்தி இந்த வகை. உங்கள் கையில் இருப்பது முழுக்குழி அலகு என்றால், அதை 1820 என்று சொல்லி விற்பவரை நம்ப வேண்டியதில்லை.

எதிர்த்திசையில் இந்தத் தர்க்கம் அவ்வளவு உறுதியாக நிற்காது. ஆப்பு அலகு பிடித்தவர்கள் இருந்த வரைக்கும் அதையும் செய்துகொண்டேதான் இருந்தார்கள். பழைய வடிவம் நீடிக்கும், புதிய வடிவம் முன்கூட்டி வராது. அதனால் ஒரு கத்தியின் வயதைக் கணிக்கும்போது அதில் உள்ள மிகப் புதிய அம்சத்தைத் தேடுங்கள். கத்தி அதைவிடப் பழையதாக இருக்க முடியாது. துருப்பிடிக்காத எஃகு என்றால், ஹாரி பிரியர்லி அதை ஷெஃபீல்டில் செய்து காட்டிய 1913க்குப் பிறகுதான். காந்தத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, கத்திக்குப் பயன்படும் துருப்பிடிக்காத எஃகும் காந்தத்தில் ஒட்டும்.

பிடிக்கு வருவோம். பிடி மாற்றப்படும் பொருள்; அலகின் வயதுக்கு அது தனிச்சாட்சி ஆகாது. ஆனாலும் என்ன பொருள் என்று தெரிந்துகொள்வது அவசியம். கொம்பு என்றால் வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கும்போது நீளவாட்டில் நார்கள் தெரியும், பூச்சி அரித்த குழிகளும் இருக்கலாம். எபோனைட் என்ற கடின ரப்பர் வெயில் பட்டுப் பழுப்பேறும், துணியால் அழுத்தித் தேய்த்தால் கந்தக நெடி வரும். செல்லுலாயிட் என்ற பழைய வகை பிளாஸ்டிக்கைத் தேய்த்தால் கற்பூர மணம். தந்தத்தின் குறுக்குவெட்டு முனையில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் இருக்கும். எலும்பில் கரும்புள்ளிகளும் சிறு கீற்றுகளும் இருக்கும். தந்தம் போலச் செய்த செல்லுலாயிடில் கோடுகள் ஒரே சீராக இணையாக ஓடும். ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்க்கும் பழைய சோதனையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். செல்லுலாயிட் சட்டென்று தீப்பற்றும் பொருள்.

செல்லுலாயிட் 1870ஐ ஒட்டி அமெரிக்காவில் ஹயட் சகோதரர்கள் வணிகத்துக்குக் கொண்டுவந்த பொருள். எனவே 1800ஐ ஒட்டிய அலகில் செல்லுலாயிட் பிடி இருந்தால், பிடி பின்னால் போட்டது. அதில் குற்றம் ஒன்றுமில்லை, விலையில் அது தெரிய வேண்டும். பிடி மாற்றியதற்கு வேறு அடையாளங்களும் உண்டு: ஆணியைச் சுற்றிய பழைய ஓட்டை பெரிதாகியிருக்கும், மூடும்போது அலகு நடுவில் விழாமல் ஒரு தகட்டை உரசும், அலகின் நீளத்துக்கும் பிடியின் நீளத்துக்கும் பொருத்தம் இருக்காது. தந்தமும் ஆமை ஓடும் என்றால் இன்னொரு சிக்கல். இரண்டுமே அழிவில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்துக்குள் வருபவை. பழம்பொருள் என்றாலும் அனுமதியில்லாமல் எல்லை தாண்டினால் பறிமுதல் ஆகலாம்.

நாடு எது என்பதில் அடக்கமாகத்தான் பேச முடியும். கனமான, அகன்ற ஆப்பு அலகு ஷெஃபீல்டை நினைவூட்டும். மெல்லிய முழுக்குழியும் இரட்டை மேடும் சோலிங்கனை நினைவூட்டும். ஒரு மெல்லிய அலகைத் தனியான முதுகுச் சட்டத்தில் செருகிய கத்தி என்றால் ஸ்வீடனின் எஸ்கில்ஸ்டுனா முதலில் மனதில் வரும், ஆனால் பிரான்சிலும் இங்கிலாந்திலும் அந்த அமைப்பில் செய்தார்கள். பிரான்சுக்கும் தியேர் என்ற கத்தித் தொழில் ஊர் இருக்கிறது. ஒருவர் மாதிரியை இன்னொருவர் பார்த்துச் செய்வது எல்லா ஊரிலும் நடந்தது. நான் ஒரு பெயரில்லாக் கத்திக்குக் குறிப்பு எழுதினால் 'ஷெஃபீல்டு பாணி, ஏறக்குறைய 1820–1840, கொம்புப் பிடி பழையது, ஆணி மாற்றியது' என்ற அளவில் நிறுத்திக்கொள்வேன். பெயர் போட்ட, காலம் உறுதியான கத்திகளோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத்தான் அந்த வரம்பையும் சொல்ல முடியும்.

இனி வாங்கும் கேள்வி. இங்கே கறாராக இருங்கள்.

முதலில் விரிசல். கூரிலிருந்து மேல்நோக்கி ஏறும் மயிரிழை விரிசல் ஒன்று இருந்தாலும் அந்தக் கத்தி சவரத்துக்கு ஆகாது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும், கூரை வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். அடுத்தது துருக்குழி. அலகின் நடுவிலோ முதுகிலோ இருக்கும் கறுப்புப் புள்ளிகள் அழகைக் கெடுக்கும், வேலையைக் கெடுக்காது. அதே புள்ளி கூரை ஒட்டி இருந்தால் சாணையில் தேயத் தேயக் கூர் அந்தக் குழிக்குள் வந்து விழும், விளிம்பு நொறுங்கும். எஃகில் சீராகப் படிந்த சாம்பல் நிறத்தைத் துரு என்று பயப்பட வேண்டாம், அது வயது.

சவரக்கத்தியைத் தீட்டும்போது முதுகும் கூரும் ஒரே நேரத்தில் கல்லில் படும். கோணத்தைத் தீர்மானிப்பது முதுகின் தடிமன். அதனால் வெர்னியர் அளவுகோலில் முதுகின் தடிமனையும் அலகின் அகலத்தையும் அளந்து, தடிமனை அகலத்தால் வகுத்து 57ஆல் பெருக்குங்கள். கூரின் கோணம் பாகையில் ஏறக்குறைய வந்துவிடும். 20 மி.மீ. அகலத்துக்கு 5 மி.மீ. முதுகு என்றால் 14 பாகைக்குச் சற்று மேல்; 16 மி.மீ. அகலத்துக்கு அதே முதுகு என்றால் 18ஐ நெருங்கும். 16, 17 பாகையை ஒட்டி இருந்தால் மகிழ்ச்சி. 20ஐத் தாண்டினால் யாரோ கூரை மட்டும் தேய்த்து அலகைக் குறுக்கியிருக்கிறார்கள், முகத்தில் முரடாக இருக்கும். 14க்கு நன்றாகக் கீழே போனால் முதுகு அதிகம் தேய்ந்திருக்கிறது, கூர் நிற்காது.

முதுகின் இருபுறமும் கல் பட்ட பட்டை தெரியும். அது மெல்லியதாக, இருபுறமும் சமமாக இருந்தால் நல்ல கையில் இருந்த கத்தி. ஒருபுறம் அகலமும் மறுபுறம் ஒடுக்கமுமாக இருந்தால் அலகு முறுக்கிக்கொண்டிருக்கலாம். கூரின் கோடு நேராகவோ சற்று வெளியே வளைந்தோ இருக்கலாம். உள்ளே குழிந்திருந்தால் நிறைய எஃகைத் தேய்த்தால்தான் சரியாகும்.

பளபளவென்று கண்ணாடி போல மின்னும் பழைய கத்தியை நான் சந்தேகத்தோடுதான் எடுப்பேன். முத்திரை விளிம்புகள், தோளின் கோடுகள், மேடுகள் எல்லாம் மழுங்கி உருகினது போல இருந்தால் பஃப் சக்கரம் வேலை செய்திருக்கிறது. கூர்ப்பக்கம் நீலமோ ஊதாவோ படர்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். அந்த நிறம் 300 பாகை செல்சியஸ் அளவுச் சூட்டில் வருவது, சவரக்கத்தி அந்தச் சூட்டைக் கண்டால் கடினம் போய்விடும்.

நேரில் பார்க்க முடியாதபோது விற்பவரிடம் நான்கு படங்கள் கேளுங்கள்: முதுகு மேலிருந்து, கூர் நேராகக் கேமராவை நோக்கி, முனைப்பக்கத்திலிருந்து குறுக்குவெட்டு, மூடிய நிலையில் மேலிருந்து. தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம். அகலத்தை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்குக் கணக்கில் சொல்வது வழக்கம், 5/8 என்றால் 16 மி.மீ., 6/8 என்றால் 19 மி.மீ. அந்தப் பின்னத்தைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். 'அபூர்வம்', 'போர்க்காலம்', 'கப்பல் தலைவர் வைத்திருந்தது' போன்ற கதைகளுக்குத் தாள் ஆதாரம் இல்லையென்றால் விலையில் இடமில்லை. செதுக்கிய தந்தம் போல வார்த்த ரெசின் பிடிகளில் காற்றுக் குமிழிகளும் அச்சின் விளிம்புக் கோடும் தெரியும். பழமை போலச் செய்த புதுக் கத்திகளில் அலகின் வடிவக்கணிதமே தப்பாக இருக்கும், கல்லில் படுக்க வைத்தால் முதுகும் கூரும் சேர்ந்து படாது.

வாங்கிய பிறகு முதல் வேலை, கூரில் கை படாமல் அலகைச் சாராயத் திரவத்தால் துடைப்பது. 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நல்லது, செல்லுலாயிட் பிடியில் மட்டும் பட விடாதீர்கள். அப்புறம் மெல்லிய எண்ணெயும் மிக நைசான இரும்புக் கம்பளியும் கொண்டு கையால் தேய்ப்பது. கொம்புப் பிடியை நீரில் ஊற வைத்தால் உப்பி விரியும். பழைய கத்திகளின் ஆப்பு ஈயமாக இருக்கலாம். அதில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், தொட்ட பிறகு கையைக் கழுவுங்கள். கூர் தீட்டுவதைச் சவரக்கத்தி தீட்டத் தெரிந்தவரிடம் கொடுங்கள், சமையல் கத்தி தீட்டும் சக்கரத்தில் ஒரு நிமிடத்தில் அந்தக் கோணம் அழிந்துவிடும்.

செல்லுலாயிட் பிடி போட்ட கத்தியை மற்றவற்றோடு சேர்த்து வைக்காதீர்கள். அது சிதையத் தொடங்கினால் அமில ஆவி விடும். மூடிய நிலையில் பிடிக்குள் இருக்கும் அலகுப் பகுதி துருப்பிடிக்கும், பக்கத்தில் இருக்கும் கத்திகளும் சேர்ந்து கெடும். ஆமை ஓடு போலத் தெரியும் ஒளி ஊடுருவும் செல்லுலாயிடில் இது அதிகம். பிடிக்குள் மறையும் பகுதி மட்டும் துருப்பிடித்து, வெளியே தெரியும் கழுத்து சுத்தமாக இருக்கும் கத்தியைப் பார்த்தால் இதுதான் காரணம். தொடங்கிய சிதைவை நிறுத்த முடியாது, அந்தப் பிடியைக் கழற்றி எறிந்துவிட்டு அலகைக் காப்பாற்றுங்கள்.